கொலைகாரப் பூச்சிப் படம்: பெரிய ஒன்றா, சின்ன ஆயிரமா?

நைட்ஷோ
கதை தயார். மூடிப்போட்ட ஆராய்ச்சிக்கூடம், நாலு பாத்திரம், ஒரே ராத்திரி, 80 நிமிடம். வில்லன் மரபணு மாறின கரப்பான். பெரிய கிராபிக்ஸ் நிறுவனத்துக்குப் போக வழியில்லை. ஆள் உயரத்துக்கு ஒன்றே ஒன்று காட்டினால் மிரட்டலாக இருக்குமா, இல்லை சாதாரண அளவில் ஆயிரக்கணக்கில் விடலாமா? எது மலிவு, எது படுத்தும்?

கட்_பண்ணு
இரண்டுமே படுத்தும். ஆள் உயரப் பூச்சி வந்தால் அதோடு நடிகர் மல்லுக்கட்ட வேண்டும், அதற்கு முழு உடம்பு வேண்டும், அந்த உடம்பு நடக்க வேண்டும். ஆயிரம் சின்னப் பூச்சி என்றால் பிடிக்க, அடைக்க, தீனி போட, திரும்ப எண்ண ஆள் வேண்டும். 1977-ல் வந்த ‘கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்’ படத்துக்கு 5,000 டரன்டுலாக்களை ஒன்று 10 டாலர் என்று வாங்கினார்கள். மொத்த பட்ஜெட் 5 லட்சம் டாலர். பத்தில் ஒரு பங்கு சிலந்திக்கே போயிற்று. ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனி டப்பா வேறு.

என் ஓட்டு பூனை அளவுக்கு. 50 செமீ பூச்சியை மேஜைக்கு அடியில் ஒளிக்கலாம், நடிகர் மேல் ஏற்றலாம், ஒரே ஆள் கையில் வைத்து ஆட்டலாம். கதவிடுக்கில் நுழையும் என்று பார்ப்பவரும் நம்புவார். ஆள் உயரப் பூச்சிக்குக் கதவைச் சாத்தினால் கதையே முடிந்துவிடும்.

ஆறுகாலி
முதலில் ஒரு சின்னத் திருத்தம். சிலந்தி பூச்சி இல்லை, எட்டுக்கால் இனம். அந்தப் படத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, அளவு. ஒரு பூச்சியை எல்லாப் பக்கமும் 100 மடங்கு பெருக்கினால் எடை 10 லட்சம் மடங்கு ஏறும், காலின் குறுக்குவெட்டு 10,000 மடங்குதான் ஏறும். அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் காலும் முன்பைவிட 100 மடங்கு பாரம் தாங்க வேண்டும். நிற்கவே முடியாது. மூச்சும் முட்டும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது, உடம்போரத் துளைகளிலிருந்து போகும் குழாய்கள் வழியாகத்தான் ஆக்சிஜன் போக வேண்டும், தூரம் கூடினால் உள்ளே எட்டாது. காற்றில் ஆக்சிஜன் இப்போதைவிட அதிகமாக இருந்த காலத்தில்கூட மெகாநியூரா என்ற தும்பி மாதிரியான பூச்சி சிறகை விரித்தால் 70 செமீ வாக்கில்தான் இருந்தது. பூனை அளவு என்றால் ஓரளவு நாக்கூசாமல் சொல்லலாம்.

கட்_பண்ணு
சிலந்திப் படத்தைச் சேர்க்கத்தான் வேண்டும். கஷ்டம் ஒன்றுதான், கால் இரண்டு கூடுதல், அவ்வளவே.

நைட்ஷோ
சரி, பூனை அளவு. ஏன் மாறியது என்பதற்குக் கதிர்வீச்சு போதுமா?

ஆறுகாலி
வேண்டாம். 1954-ல் ‘தெம்!’ படத்தில் அணுகுண்டுச் சோதனையால் எறும்பு ராட்சசனானது. அதே 1954-ல் கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில் நிஜத்தில் நடந்தது நேரெதிர். காமா கதிர் பாய்ச்சி மலடாக்கிய ஆண் ஈக்களை விட்டு, கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் ஸ்க்ரூவர்ம் ஈயைத் தீவிலிருந்தே துடைத்தெடுத்தார்கள். கதிர்வீச்சு பூச்சியை வளர்க்காது, வம்சத்தை அறுக்கும்.

மரபணு மாற்றம் என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். பழ ஈயில் ஆன்டெனபீடியா என்ற மரபணு தவறினால் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைக்கும். முகத்திலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும், நிஜமான ஆய்வகப் படங்களே இருக்கின்றன. உங்கள் கரப்பானுக்கு இதைச் செய்தால் செலவு இரண்டு கூடுதல் கால் மட்டும். வேறு எந்தப் படத்துப் பூச்சி மாதிரியும் இருக்காது.

இன்னொன்று. மரகதக் குளவி கரப்பானின் மூளையிலேயே கொட்டும். கரப்பான் சாகாது, தானாக நகரும் எண்ணம் மட்டும் போய்விடும். குளவி அதன் கொம்பைப் பிடித்து மாட்டை ஓட்டுகிற மாதிரி வளைக்குள் கூட்டிப்போய் மேலே முட்டையிடும். இதைத் திருப்பிப் போட்டு உங்கள் பூச்சி மனிதரிடம் செய்தால் பாதிப் படம் நடிகரின் வெறித்த முகத்திலேயே ஓடிவிடும். பொம்மைச் செலவு குறையும்.

களிமண்
பொம்மைக்கு வருகிறேன். எல்லோரும் செய்கிற தப்பு, பூச்சி முழுவதையும் லேடெக்ஸ் என்ற திரவ ரப்பரில் வார்ப்பது. லேடெக்ஸ் தோல் மாதிரி சுருங்கும், மடங்கும். பூச்சியின் ஓடு மடங்கக் கூடாது, தகடு தகடாக ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். மிருதுவான சவ்வு மூட்டுகளில் மட்டும்தான்.

ஓட்டுக்கு ஈவிஏ ஃபோம், அதாவது மெத்தென்ற செயற்கை நுரைத் தாள், 5 மிமீ. முதுகுப்பட்டைக்கு மட்டும் 10 மிமீ. வெட்டி, ஹீட் கன்னில் சூடாக்கி, மேற்பரப்பு லேசாக மினுங்கும்போது வளைத்துப் பிடித்துக்கொண்டால் அந்த வளைவு நிற்கும். மினுங்கும் முன்பே நிறுத்தினால் துளை மூடாது, அடிக்கிற பெயின்டை எல்லாம் குடித்துவிடும். ஒட்ட கான்டாக்ட் சிமென்ட். இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் சேர்த்தால் ஷூட்டிங் விளக்குச் சூட்டில் பிரியும்.

பெயின்டுக்கு முன் நெகிழும் சீலர் மூன்று கோட். அடிநிறம் கறுப்பு வேண்டாம், திரையில் ஓட்டையாகத் தெரியும். அடர் பழுப்பு, அதன்மேல் நீர்த்த ஆரஞ்சு-பழுப்பை நாலைந்து மெல்லிய படலமாக. பளபளப்பு வார்னிஷ் முதுகு மேட்டில் மட்டும், வயிற்றிலும் கால் இடுக்கிலும் பளபளக்காத மேட் வார்னிஷ். முழுக்க பளபளத்தால் பிளாஸ்டிக் பொம்மைதான்.

மூட்டுச் சவ்வுக்கு மட்டும் லேடெக்ஸ். பிளாஸ்டர் அச்சில் 5 கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்து. கழற்றும் முன் உள்ளே டால்கம் பவுடர் தூவாவிட்டால் சவ்வு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. சிலிகான்தான் வேண்டும் என்றால் பிளாட்டினம் வகை கந்தகம் கலந்த களிமண்ணிலும் லேடெக்ஸ் கையுறை பட்ட இடத்திலும் இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

நைட்ஷோ
எத்தனை பொம்மை வேண்டும்?

களிமண்
மூன்று. ஒன்று, முழு உடம்பு, கால் அசையாது, தூரக் காட்சிக்கும் வீசி எறியவும். இரண்டு, தலையும் முன்காலும் மட்டும் உள்ள கைப்பொம்மை, பின்பக்கம் திறந்தது, கையை நுழைத்து ஆட்ட. இதுதான் படத்தின் நடிகர், உழைப்பில் முக்கால்வாசி இதற்குப் போகட்டும். மூன்று, மூன்று மடங்கு பெரிதான ஒற்றைக் கால். கதவுக்கு அடியிலிருந்து நீள, கன்னத்தைத் தடவ. ஒரு கால் நன்றாக அமைந்தால் பத்து ஷாட் தேறும்.

அந்தக் கால் 12 மிமீ அலுமினியக் குழாய், இரண்டு கீல் மூட்டு, இழுக்க சைக்கிள் பிரேக் கேபிள், திருப்ப ரப்பர் பட்டை. பிரேக் கைப்பிடியையே கன்ட்ரோலாக வைத்துக்கொள்ளலாம். உறையை இறுக்கி வளைத்தால் உரசும், அசைவு திக்கித் திக்கி வரும். கேபிள் 2 மீட்டருக்குள் இருக்கட்டும், எண்ணெய் விடுங்கள். கைப்பொம்மைத் தலை 1 கிலோவைத் தாண்ட வேண்டாம். கை நீட்டிப் பிடித்தால் நடுங்கும், அந்த நடுக்கம் குளோசப்பில் அப்படியே தெரியும்.

கொம்புதான் உயிர். 1 மிமீ ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி, உடம்பு நீளத்துக்குக் குறையாமல். உடம்பு அசையாமல் இருக்க, கொம்பு மட்டும் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சட்டென்று உடம்பு ஒரு அடி நகர்ந்து மறுபடி உறைய வேண்டும். பூச்சிக்கு நடுத்தர வேகம் கிடையாது. பொம்மையாட்டுபவர்கள் பாம்பு மாதிரி நெளித்தே கெடுத்துவிடுகிறார்கள்.

ஆறுகாலி
கால் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுக்கும் ஸ்டாப்மோஷன் செய்தால் கட்டாயம் வேண்டும். பூச்சி மூன்று மூன்றாகக் காலெடுக்கும். இடது முன், இடது பின், வலது நடு ஒன்றாக மேலே. மற்ற மூன்றும் முக்காலி மாதிரி தரையில். அடுத்த அடியில் மாறும். ஆறையும் அலைபோல வரிசையாகத் தூக்கினால் மரவட்டை.

நைட்ஷோ
நிஜப் பூச்சியையே மேக்ரோவில், அதாவது மிகக் கிட்டத்தில் எடுத்துப் பெரிதாகக் காட்டினால்?

மேக்ரோகண்
பழைய வழி, இன்னும் வேலை செய்கிறது. ஆனால் மூன்று விஷயம் காட்டிக்கொடுக்கும்: வேகம், ஃபோகஸ் ஆழம், ஒளி.

வேகம். படம் ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறீர்களோ அதன் வர்க்கமூலத்தை இந்த 24-ஆல் பெருக்கி, அந்த வேகத்தில் எடுங்கள். 5 செமீ பூச்சியை 50 செமீ ஆக்கினால் 10 மடங்கு, வர்க்கமூலம் 3.16, ஆக நொடிக்கு 75 ஃபிரேம் வாக்கில். 3 செமீயை 3 மீட்டராக்கினால் 100 மடங்கு, 240 ஃபிரேம். இது பாரம் வருவதற்கான கணக்கு. 24-இல் எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்ணுக்குச் சின்னப் பூச்சிதான்.

ஃபோகஸ் ஆழம். பூச்சியின் கண் தெளிவாக, கால் மங்கலாக இருந்தால் அது சின்னது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை மூட வேண்டும், ஆனால் எல்லையுண்டு. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். பூச்சி சென்சாரில் நிஜ அளவிலேயே விழும் 1:1 மேக்ரோவில் எஃப் 11 வைத்தாலே ஒளிக்கணக்கிலும் கூர்மைக்கணக்கிலும் அது எஃப் 22. அதற்கு மேல் மூடினால் படம் முழுதும் சோப்புத் தண்ணீர். அதனால் சின்ன சென்சார் கேமரா எடுங்கள், ஆழம் தானாகக் கூடும். கேமராவை விலக்கி, ஃபிரேமில் பூச்சி பாதி இடம் மட்டும் பிடிக்கட்டும். நீளக்குழல் புரோப் லென்ஸ் கிடைத்தால் பூச்சியின் மட்டத்துக்கே இறங்கி, கீழிருந்து மேலே பார்க்கலாம். மேலிருந்து எடுத்த பூச்சி எத்தனை பெரிதானாலும் செருப்பைத்தான் நினைவூட்டும்.

ஒளி. 24-இலிருந்து 240-க்குப் போனால் பத்து மடங்கு வெளிச்சம் வேண்டும், அதாவது மூன்றேகால் ஸ்டாப்புக்கும் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). பழைய டங்ஸ்டன் விளக்கை அத்தனை கிட்டே வைத்தால் பூச்சி வெந்துவிடும். எல்ஈடி போடுங்கள், ஆனால் டிம்மரைக் குறைக்காமல் முழு அளவில். விலை குறைந்த எல்ஈடி, டிம் செய்யும்போது அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, 240 ஃபிரேமில் பட்டை பட்டையாக ஓடும். ஒளியைக் குறைக்க வேண்டுமானால் விளக்கைத் தள்ளி வையுங்கள். எடுத்த உடனே ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். எடிட்டிங்கில் தெரிந்தால் மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கட்_பண்ணு
அந்த ஷாட்டை நடிகர் உள்ள காட்சியோடு சேர்ப்பதிலும் பொறி உண்டு. பச்சைத் திரை வேண்டாம். ஓடு கண்ணாடி மாதிரி, பச்சையெல்லாம் முதுகில் ஏறிவிடும். கொம்பும் கால் முள்ளும் கீ போடும்போது, அதாவது பச்சையை நீக்கும்போது காணாமல் போகும். கறுத்த பூச்சிதானே, வெள்ளைத் தரையில் எடுத்து, எடிட்டிங் மென்பொருளின் மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் பின்னணிமேல் போடுங்கள். வெள்ளை மறையும், பூச்சி தங்கும், காலடி நிழலும் கூடவே வரும். அந்த நிழல்தான் பாதிப் பிழைப்பு, இல்லாவிட்டால் பூச்சி மிதக்கும். தரை வெள்ளை முழு வெள்ளையாக எக்ஸ்போஸ் ஆக வேண்டும், சாம்பல் தட்டினால் பின்னணியில் அழுக்குக் கட்டம் தெரியும். பின்னணி வெளிச்சமாக இருக்கும் காட்சிக்குத்தான் இது. இருட்டுப் பின்னணியில் பூச்சி கரைந்துவிடும், அங்கே பொம்மைதான்.

கேமரா இரண்டிலும் அசையக் கூடாது, உயரமும் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். கேமராவின் தூரத்தையும் உயரத்தையும் பூச்சிக்கு எத்தனை மடங்கோ அத்தனையால் வகுங்கள். நடிகர் காட்சியில் கேமரா தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், 10 மடங்குப் பூச்சிக்கு 10 செமீ.

1957-ல் பெர்ட் ஐ. கார்டன் எடுத்த ‘பிகினிங் ஆஃப் தி எண்ட்’ படத்தில் சிகாகோ கட்டடங்களின் புகைப்படத்தின் மேலேயே வெட்டுக்கிளியை நடக்கவிட்டார்கள். யோசனை மோசமில்லை. வெட்டுக்கிளி கட்டடத்தைத் தாண்டி வானத்தில் கால் வைத்துவிடும், அதுதான் சிக்கல். புகைப்படம் வைத்துச் செய்தால் கட்டட ஓரத்தை வெட்டியெடுத்துப் பின்னால் இடைவெளி விடுங்கள், காலூன்ற இடமில்லாவிட்டால் திரும்பிவிடும்.

ஆறுகாலி
அந்தப் படத்துக்கு டெக்சாஸிலிருந்து வந்தவை 200 வெட்டுக்கிளி என்பார்கள். ஒன்றையொன்று தின்று கடைசியில் 12 மிஞ்சின. தீனியும் இடமும் குறைந்தால் இதுதான் நடக்கும்.

உயிர்ப்பூச்சி வைத்தால் எந்த இனம் என்பதிலேயே பாதி தீர்ந்துவிடும். வீட்டில் ஓடும் அமெரிக்கன் கரப்பான் நொடிக்கு 1.5 மீட்டர் வரை ஓடும், அதாவது 24 ஃபிரேம் படத்தில் ஃபிரேமுக்கு 6 செமீ. ஃபோகஸ் பிடிக்கும் முன் காணோம். மடகாஸ்கர் ஹிஸ்ஸிங் கரப்பான் 5 முதல் 7 செமீ, சிறகில்லை, நிதானம், தொட்டால் சீறும். குளோசப்புக்கு அதுதான். ஆனால் கண்ணாடியில் ஏறும், பெட்டியின் உள்விளிம்பில் 5 செமீ அகலத்துக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். கூட்டத்துக்கு டூபியா கரப்பான். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏறத் தெரியாது, திரும்ப அள்ளுவது சுலபம். பல நாடுகளில் வெளிநாட்டு இனத்துக்கு முன்அனுமதி வேண்டும், வாங்கும் முன் கேளுங்கள்.

நிதானப்படுத்த, ஃபிரிட்ஜில் 5 டிகிரி வாக்கில் 5 முதல் 10 நிமிடம். ஃப்ரீசர் கூடாது, செத்துவிடும். வெளியே வந்ததும் ஓட்டில் பனித்துளி கோக்கும், மேக்ரோவில் அது வியர்வை மாதிரி தெரியும், டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். சில நிமிடத்தில் பழைய சுறுசுறுப்பு வந்துவிடும், அதற்குள் எடுக்க வேண்டியதுதான். திசை மாற்ற குச்சியால் குத்தாமல் ஸ்ட்ராவில் ஊதுங்கள், கரப்பானின் பின்பக்க உறுப்பு காற்றசைவுக்கே எதிர்ப்பக்கம் ஓடவைக்கும். வெளிச்சத்தை விட்டும் ஓடும், எனவே ஓட வேண்டிய பக்கத்தை இருட்டாக வையுங்கள்.

கரப்பான் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. நடிகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நைட்ஷோ
கிளைமாக்ஸில் ஒரு தடவையாவது பெருங்கூட்டம் பறந்து வர வேண்டும். அதற்கு?

கட்_பண்ணு
காபித்தூள். கேலி இல்லை. 40 செமீ கண்ணாடித் தொட்டி, பின்னால் பால்நிற அக்ரிலிக் தகடு, அதற்குப் பின் விளக்கு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரில் கண்ணாடி முழுக்கக் குமிழி ஒட்டும். ஏற்கெனவே வடித்த காபிப்பொடியில் 2 கிராம் எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மேலே விடுங்கள். புதுப்பொடியானால் எண்ணெய்ப் பசையில் மிதந்துகொண்டே இருக்கும். ஒரு கரண்டியால் மெதுவாகச் சுழற்றினால் கூட்டம் திரும்பும், பிரியும், சேரும். 60 ஃபிரேமில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, பின்னணிமேல் மல்டிப்ளை. வெவ்வேறு அளவில் மூன்று அடுக்கு போட்டால் ஆழம் வரும். முன்னால் வரும் பத்துப் பதினைந்து பூச்சிகளை மட்டும் தனியாகச் செய்தால் போதும். ஒரே துண்டை மூன்று முறை ஒட்டாதீர்கள், அதே வளைவு திரும்ப வருவதைக் கண் பிடித்துவிடும்.

இரைச்சல்
ஒலி பற்றி யாரும் பேசவில்லையே. பூனை அளவுப் பூச்சியை நம்பவைப்பது காதுதான்.

சிறகொலி முதலில். தேனீயின் ரீங்காரம் 230 ஹெர்ட்ஸ் வாக்கில், பெரிய சிறகுக்கு அது இறங்க வேண்டும். நேராக மூன்று ஆக்டேவ் இறக்கினால், அதாவது மூன்று முறை பாதியாக்கினால் 29 ஹெர்ட்ஸ், ஃபோனில் பார்ப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. அடியில் அதை வைத்துக்கொண்டு, மேலே 100 முதல் 150 ஹெர்ட்ஸில் ஒரு படலமும், 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சரசரப்பும் சேருங்கள். சரசரப்புக்குச் சின்ன மின்விசிறியில் காகிதப் பட்டையை உரசவிட்டு, மைக்கை 20 செமீயில் வைத்தால் போதும். பதிவு 96 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 96,000 மாதிரி) இருக்கட்டும், மைக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் வகையாக இருந்தால் இறக்கின பிறகும் மேல்சுருதி மிஞ்சும். 48-இல் எடுத்து இறக்கினால் கம்பளி போர்த்திய மாதிரி மந்தமாகும்.

நடையொலிக்கு நண்டு ஓடு, வால்நட் ஓடு, மரத்தரையில். ஆறு காலுக்கும் தனித்தனிச் சத்தம் வேண்டாம், மும்மூன்றாக இரண்டே அடி, ஆறுகாலி சொன்ன கணக்குதான். ஓடு பிளக்க செலரித் தண்டு. குரலுக்கு மிருக உறுமலை விடுங்கள், பூச்சிக்குத் தொண்டையே இல்லை. ‘தெம்!’ எறும்புகளின் அந்தக் கீச்சொலி மரத்தவளைக் குரலோடு பறவைக் குரல்களைக் கலந்தது. அதுவே ஒரு வழி காட்டுகிறது: சின்ன உயிரின் கூட்டொலியை எடுத்து ஒற்றை உயிருக்குக் கொடுங்கள்.

முக்கியமாக, பூச்சி வரும் முன் அறைச்சத்தம் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். அந்த மௌனத்தை எல்லாப் படமும் செய்து பார்ப்பவர் பழகிவிட்டார். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும், அதற்குள் சிறகொலியை மெல்ல நுழையுங்கள்.

நைட்ஷோ
அடித்துக் கொன்றால் என்ன நிறம்? சிவப்பு கூடாதா?

ஆறுகாலி
பூச்சி ரத்தத்தில், நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் பெரும்பாலும் இல்லை. நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சள், பச்சையாகவோ இருக்கும். அழுத்தத்தில் பீய்ச்சாது, கசியும்.

களிமண்
மெத்தில்செல்லுலோஸ் பொடி, லிட்டருக்கு 20 கிராம். குளிர்நீரில் நேராகப் போட்டால் கட்டி கட்டியாகிக் கரையவே கரையாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்கும் பக்கம் சூடாக்கி அதில் பொடியைத் தூவிக் கலக்குங்கள், கெட்டிப்படாது, கலங்கலாக நிற்கும். மீதியைச் சில்லென்று ஊற்றிக் கிளறி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் கோழையாகிவிடும். உணவு நிறம் மஞ்சள் ஐந்தாறு சொட்டு, பச்சை ஒரு சொட்டு. பால் கால் கரண்டி விட்டால் கலங்கல் வரும், ஆனால் சீக்கிரம் புளிக்கும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நடிகரின் ரத்தத்தைச் சர்க்கரைப் பாகில் செய்திருந்தால் இரண்டையும் ஒரே சட்டையில் கலக்காதீர்கள், விளக்கில் காய்ந்து கண்ணாடி மாதிரி உரியும். அதே சட்டையில் நான்கு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்_பண்ணு
நாலு போதாது, ஆறு. மஞ்சள் நிறம் துவைத்தாலும் போகாது, முதல் டேக்குக்கே ஒன்று போய்விடும். தரையிலும் வழுக்கும், ஓடும் காட்சியை முன்னால் எடுத்துவிட்டுச் சிந்தும் காட்சியைக் கடைசியில் வையுங்கள்.

நைட்ஷோ
குறித்துக்கொண்டேன். முகத்தில் கால் முளைத்த பூனை அளவுக் கரப்பான், தலைப்பொம்மை ஒன்று, பெரிய கால் ஒன்று, குளோசப்புக்கு ஹிஸ்ஸிங் கரப்பான், கூட்டத்துக்குக் காபி. ஒரு சந்தேகம்: முகத்துக் கால் நிஜக் கரப்பானுக்கு இருக்காதே, குளோசப்பில் எப்படி?

மேக்ரோகண்
பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் மட்டும் நிஜப் பூச்சி. முகம் தெரியும் எந்த ஷாட்டும் பொம்மைக்கு. நிஜப் பூச்சியின் ஓட்டு நிறத்தை முதலில் எடுத்து, அதைப் பார்த்துப் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். முன்னுக்குப் பின் செய்தால் எந்தக் கலர் கரெக்ஷனிலும் இரண்டும் ஒட்டாது.